விடுப்பு: சலுகையா, சம்பளமா?

மாதக் கடைசியில் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதும், "முதலாளி எனக்குப் பணம் கொடுத்து உதவினார்" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. உழைத்தோம், வாங்கினோம், அவ்வளவுதான். ஆனால் விடுப்பு என்று வந்துவிட்டால் நம் பேச்சே மாறிவிடுகிறது. "லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியவில்லை" என்று தயங்குகிறோம். கிடைத்துவிட்டால், "எங்கள் பாஸ் ரொம்ப நல்லவர், லீவு கொடுத்துவிட்டார்" என்று மனம் நெகிழ்கிறோம். சம்பளத்தை வாங்குகிறோம், விடுப்பைக் கேட்கிறோம். இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு இடையில் ஒரு பெரிய தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்பது முதலாளி மனமிரங்கித் தரும் சலுகை அன்று. அது நாம் உழைத்துச் சேர்த்த சம்பளத்தின் இன்னொரு பகுதி. ஒரு பகுதி வெள்ளியாக வருகிறது, இன்னொரு பகுதி நாளாக வருகிறது. பட்டம் பெற்று வேலைக்குச் செல்லக் காத்திருக்கும் நம் பல்கலைக்கழக நண்பர்களும், இந்நகரின் கட்டடங்களை எழுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் நம் தமிழ்நாட்டுச் சகோதரர்களும் ஒருசேர அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

சட்டம் என்ன சொல்கிறது?

1968ஆம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விரைவில் மீட்டுக்கொள்ளப் போவதாக பிரிட்டன் அறிவித்தது. இராணுவத் தளங்களை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் எதிர்காலம் கேள்விக்குறியானது. முதலீட்டாளர்களை ஈர்த்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்ததுதான் வேலை நியமனச் சட்டம். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. கடைச் சிப்பந்திகளுக்கு ஒரு சட்டம், எழுத்தர்களுக்கு ஒரு சட்டம் என்று தனித்தனியாக இருந்தவற்றை அது ஒன்றாக்கியது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்ற அளவையும் வகுத்தது. அதே ஆண்டில் பொது விடுமுறைகளும் ஆண்டுக்கு 11 நாளாகக் குறைக்கப்பட்டன.

இன்று அச்சட்டத்தின்படி ஒருவர் ஒரே முதலாளியிடம் மூன்று மாதம் வேலை செய்துவிட்டாலே விடுப்புக்குத் தகுதி பெற்றுவிடுகிறார். முதலாம் ஆண்டுக்கு 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒருநாள் கூடி, எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள். இது குறைந்தபட்ச அளவு. பல அலுவலகங்கள் இதற்கு மேலும் தருகின்றன. ஆனால் இதற்குக் கீழே யாரும் இறங்க முடியாது. ஒரு காலத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேலாளர்களும் நிர்வாகிகளும் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றார்கள். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

முழு ஆண்டு வேலை செய்யாதவருக்கு என்ன கணக்கு? வேலை செய்த முழு மாதங்களைப் பன்னிரண்டால் வகுத்து, உரிய விடுப்பு நாளால் பெருக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்து ஆகஸ்ட் இறுதியில் விலகும் ஒருவர் எட்டு மாதம் உழைத்திருக்கிறார். பன்னிரண்டில் எட்டுப் பங்கை ஏழால் பெருக்கினால் நாலரைக்குச் சற்று மேல் வருகிறது. அரைநாளோ அதற்கு மேலோ இருந்தால் முழுநாளாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, அவருக்கு 5 நாள். அந்த 5 நாளை எடுக்காமலேயே விலகுகிறார் என்றால், அதற்கு உரிய பணத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமே அது கிடையாது.

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். சலுகையைப் பணமாக மாற்ற முடியுமா? ஒருவர் அன்பளிப்பாகத் தருவதை, "நான் வாங்கிக்கொள்ளவில்லை, அதற்குரிய காசைக் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? முடியாது. விடுப்பைப் பணமாக்கித் தரச் சட்டம் சொல்கிறது என்றால், அது ஏற்கெனவே நம்முடைய சம்பாத்தியம் என்றுதானே பொருள்?

பகுதிநேர வேலையும் வேலைதான்

நம்மில் பலர் பள்ளி விடுமுறையிலோ வார இறுதியிலோ கடைகளிலும் உணவகங்களிலும் துணைப்பாட நிலையங்களிலும் பகுதிநேரமாக வேலை செய்கிறோம். "பார்ட்-டைமுக்கு லீவெல்லாம் கிடையாது" என்பது அங்கே வேதவாக்கு போலச் சொல்லப்படும். நான் ஓராண்டுக்கு மேல் வேலை செய்த ஒரு கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். தேர்வுக் காலத்தில் வராமல் இருந்த நாள்களுக்கெல்லாம் சம்பளம் வெட்டப்பட்டது. உடன் வேலை செய்த அக்கா ஒருவர் மூன்று ஆண்டுகளாக அங்கே பகுதிநேர ஊழியர். இரண்டு பிள்ளைகளின் தாய். அவருக்கும் ஒருநாள்கூடச் சம்பளத்துடன் விடுப்பு இருந்ததில்லை.

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். முழுநேர ஊழியரோடு ஒப்பிட்டு, உழைத்த நேரத்தின் விகிதப்படி அவருக்கும் விடுப்பு உண்டு. வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதே வேலையைச் செய்யும் முழுநேர ஊழியருக்கு வாரத்துக்கு 44 மணி நேரமும், ஒரு நாளுக்கு 8 மணி நேரமும் என்று வைத்துக்கொண்டால், முதலாம் ஆண்டில் இவருக்கு ஏறத்தாழ 20 மணி நேர விடுப்புச் சேர்கிறது. பெரிய தொகை அன்றுதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளில், பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடக்கும் நாளில், அந்த 20 மணி நேரத்தின் மதிப்பு அந்த அக்காவுக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்து வடிவில் தர வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது. அதில் விடுப்பும் ஒன்று. நண்பர்களே, அடுத்த முறை பகுதிநேர வேலைக்குச் சேரும்போது மணிக்கு எத்தனை வெள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தாளையும் கேளுங்கள்.

உலகம் எப்படி வந்தது?

சம்பளத்துடன் விடுப்பு என்ற எண்ணம் மிகப் பழையது அன்று. 1936ஆம் ஆண்டு பிரான்சில் லியோன் புளும் தலைமையிலான அரசு, பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றி, ஓராண்டு உழைத்தவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாள் விடுப்பு வேண்டும் என்றது. 1970ஆம் ஆண்டில் அதே அமைப்பு அந்த அளவை மூன்று வாரமாக உயர்த்தியது. நம் அண்டை நாடான மலேசியாவில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 8 நாள், பிறகு 12, ஐந்தாண்டுக்குப் பின் 16 நாள். அமெரிக்காவிலோ தனியார் துறைக்கு நாடு தழுவிய விடுப்புச் சட்டமே இல்லை.

நமது முதலாண்டு அளவான 7 நாள், 1936ஆம் ஆண்டின் அனைத்துலகக் குறைந்தபட்சத்தைவிட ஒரே ஒரு நாள்தான் அதிகம். இதைக் குறைகூறும் நோக்கத்தில் சொல்லவில்லை. இந்த 7 நாளையும் முழுமையாகப் பெறாதவர்களும் பெற்றும் பயன்படுத்த இயலாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்களே என்பதற்காகச் சொல்கிறேன்.

தைப்பூசம் கற்பிக்கும் பாடம்

விடுப்பைத் திட்டமிட்டு எடுப்பது எப்படி என்பதை நம் சமூகம் அறியாமல் இல்லை. அதற்குச் சான்று தைப்பூசம். 1968ஆம் ஆண்டில் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது எல்லாச் சமயத்தினரும் விட்டுக்கொடுத்தனர். முஸ்லிம்களுக்கு நபிகள் நாயகம் பிறந்தநாள் விடுமுறை போயிற்று. கிறிஸ்துவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போயிற்று. இந்துக்களுக்குத் தீபாவளி நிலைத்தது, தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது. 

அன்றிலிருந்து இன்றுவரை, சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வேலை நாளில் நடக்கும் ஒவ்வொரு காவடியின் பின்னாலும் யாரோ ஒருவரின் விடுப்பு நாள் இருக்கிறது. காவடி எடுப்பவர் மட்டுமா? கூட நடக்கும் தம்பி, பால்குடம் சுமக்கும் அம்மா, தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் மாமா என்று ஒரு குடும்பத்தில் நான்கைந்து பேர் விடுப்பு எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் புதிய நாள்காட்டி வந்ததும் அப்பா முதலில் தேடுவது தைப்பூசம் எந்தக் கிழமை என்பதைத்தான். வேலை நாள் என்றால் மறுநாளே விண்ணப்பம் போய்விடும். அவர் அதற்காக யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "என் லீவு, என் சாமி. நேரத்தோடு சொல்லிவிட்டால் அவர்களும் ஆள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் சட்டத்தில் உண்டு. முதலாளியும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் வேலைக்கு வரத் தயாராக இருக்கும் தமிழருக்குத் தைப்பூசத்தன்று விடுமுறை தரலாம். சீன நண்பரும் அன்று நிம்மதியாக உறவினர் வீட்டுக்குப் போகலாம். பல இனத்தவர் சேர்ந்து உழைக்கும் நாட்டில் இதைவிட அழகான ஏற்பாடு எது? கேட்பார் இல்லாததால் இந்த வசதி பல இடங்களில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

எடுக்கத் தயங்குவது ஏன்?

தைப்பூசத்துக்குத் துணிவோடு விடுப்பு எடுக்கும் நாம், மற்ற நாள்களில் ஏன் தயங்குகிறோம்? "லீவு எடுத்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள்", "பதவி உயர்வு நேரத்தில் இது நினைவுக்கு வரும்", "நான் இல்லாவிட்டால் வேலை தேங்கிவிடும்". பயிற்சி வேலைக்குப் போன நண்பர்கள் எல்லாரும் இந்த மூன்றையும் ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள்.

இந்தத் தயக்கம் இரண்டு கெட்ட பழக்கங்களை வளர்க்கிறது. ஒன்று, விடுப்பு கேட்க அஞ்சி மருத்துவரிடம் போய் எம்சி வாங்குவது. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் நோய் விடுப்பு உண்டு. அது நோயாளிக்காக வைத்த பானை. நலமாக இருப்பவர் அதில் கைவிட்டால் உண்மையிலேயே காய்ச்சலில் கிடப்பவரையும் மேலாளர் சந்தேகத்தோடு பார்ப்பார். இன்னொன்று, ஆண்டு முழுவதும் விடுப்பைத் தொடாமல் இருந்துவிட்டு டிசம்பரில் "லீவைக் கிளியர் பண்ணணும்" என்று ஓடுவது. வீட்டில் சேர்ந்த குப்பையையா அகற்றுகிறோம்? பன்னிரண்டு மாத உழைப்பில் சேர்ந்த நாள்களைப் பழைய சரக்கைத் தள்ளிவிடுவது போலக் கழிப்பதில் என்ன பயன்?

"பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்" என்பது நம் முன்னோர் வாக்கு. எடுக்காத விடுப்பும் கேளாத கடன்தான். சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வரும் ஊழியர்கள், அதாவது 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளர்களும் 2,600 வெள்ளி வரை வாங்கும் மற்றவர்களும், மிஞ்சிய விடுப்பை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குக் கொண்டுசெல்லலாம். அதற்குள்ளும் எடுக்காவிட்டால் அது போய்விடும். மற்றவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் விதி. ஆகவே நம் கடனை வசூலிக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

தேக்காவில் ஒரு கணக்கு

இதுவரை பேசியது பெரும்பாலும் நம்மைப் பற்றி. இரவு வீட்டுக்குப் போனால் அம்மா கையால் சாப்பிடுகிறவர்களைப் பற்றி. வீடு கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு விடுப்பு என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு தொண்டூழியக் குழுவோடு நான் சென்றுவருகிறேன். வகுப்பு முடிந்ததும் சிலரோடு தேக்காவில் தேநீர் குடிப்பது வழக்கம். அவர்களில் ஒருவர் சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்தவர். கட்டுமான வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகளாகிவிட்டன. இடையில் ஒரே ஒரு முறைதான் ஊருக்குப் போயிருக்கிறார். "அண்ணே, உங்களுக்கு லீவு இல்லையா?" என்று கேட்டேன். "லீவு இருக்கு தம்பி. டிக்கெட் காசு, வீட்டுக்கு வாங்கிட்டுப் போற சாமான், ஓடி இல்லாத சம்பளம், மூணையும் கூட்டிப் பாருங்க. லீவு எடுத்தா எனக்குத்தான் கடன்" என்றார்.

அவர் சொன்ன கணக்கை விரித்துப் பார்ப்போம். அவருக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழு நாள் விடுப்போடு முன்னும் பின்னும் வரும் ஞாயிறுகளைச் சேர்த்தால் ஒன்பது நாள். விமானத்தில் திருச்சி போய், பேருந்து பிடித்து ஊர் சேர்ந்து, அதேபோல் திரும்பி வர இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சம் ஏழு நாள். முகம் மறந்துபோன பிள்ளை அப்பாவிடம் ஒட்டிக்கொள்ளவே மூன்று நாள் பிடிக்கும்.

அடுத்து, சம்பளம். விடுப்பு நாளுக்கு வழக்கமான சம்பளம் உண்டு, ஆனால் அதில் மிகைநேர ஊதியம் சேராது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. கட்டுமான ஊழியருக்கோ வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பெரும்பங்கு ஓவர்டைமில்தான் வருகிறது. சட்டத்தின் கண்ணில் அவர் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறார். அவருடைய குடும்பத்தின் கண்ணில் அந்த மாதம் வருமானம் குறைந்த மாதம்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருநாள் கூடும் என்றோமே, அது ஒரே முதலாளியிடம் இருந்தால்தான். ஆறு ஆண்டு ஓரிடத்தில் உழைத்து 12 நாளுக்கு உயர்ந்தவர், நிறுவனம் மூடப்பட்டு வேறிடம் மாறினால் மறுபடியும் 7 நாள். அவர் சிங்கப்பூரில் உழைத்த ஆறு ஆண்டும் விடுப்புக் கணக்கில் அழிந்துபோகின்றன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் இருபது நாள் உழைப்புக்கும் ஒருநாள் விடுப்பு என்று வகுத்தது. 300 நாள் உழைத்தால் 15 நாள். ஊரை விட்டுத் தூரமாக வந்தவருக்குத்தான் ஊருக்குப் போகும் நாள் குறைந்திருக்கிறது.

சிலர் கேட்கலாம்: "அவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே?" ஞாயிறு ஓய்வு நாள். ஓய்வு நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஓய்வு நாள் அடுத்த திங்கட்கிழமைக்கு உடம்பைத் தயார்ப்படுத்துவதற்கு. விடுப்பு நாள் தந்தையாகவும் மகனாகவும் கணவனாகவும் இருப்பதற்கு. இரண்டும் ஒன்றல்ல.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊழியர்கள் எங்கே கூடலாம், எங்கே கூடக் கூடாது என்று நிறையப் பேசினோம். 2020ஆம் ஆண்டு கொவிட் கிருமி தங்கும் விடுதிகளில் பரவியபோது, அவர்கள் எங்கே தங்க வேண்டும், எப்போது வெளியே வரலாம் என்று நிறையப் பேசினோம். இரண்டு முறையும் நாம் பேசியது இடத்தைப் பற்றி. அவர்களுடைய நேரத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இல்லப் பணிப்பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. வேலை நியமனச் சட்டத்துக்குள் அவர்கள் வருவதே இல்லை. ஆகவே சட்டப்படியான ஆண்டு விடுப்பும் அவர்களுக்கு இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வாரம் ஒருநாள் ஓய்வு என்பதே 2013ஆம் ஆண்டுதான் அவர்களுக்கு விதியானது. அதையும் பணமாக ஈடுகட்டிவிட முடிந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதத்தில் ஒருநாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்ற நிலை வந்திருக்கிறது. நம் பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் தம் பிள்ளைகளைப் பார்க்கப் போவது, நம் வீட்டார் எழுதும் ஒப்பந்தத்தைப் பொறுத்து நிற்கிறது.

முதலாளியின் பக்கம்

முதலாளிகளின் சிரமத்தையும் மறந்துவிடக் கூடாது. விடுப்பு நம்முடையதுதான், ஆனால் எந்த நாளில் எடுப்பது என்பது இருவரும் ஒத்துப்போக வேண்டிய விஷயம். தீபாவளிக்கு முந்திய வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விடுப்பு எடுத்தால் அந்தக் கடை நடக்காது. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருப்பது விடுப்பு ஆகாது. அப்படி வேலை நாள்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர் தம் விடுப்பு உரிமையையே இழக்க நேரிடும் என்றும் சட்டம் எச்சரிக்கிறது. அது நியாயமே.

ஆனால் "ஆள் பற்றாக்குறை" என்ற ஒரு காரணத்தை ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஆள் பற்றாக்குறை அன்று, திட்டமிடல் பற்றாக்குறை. ஜனவரியிலேயே ஒரு பட்டியல் போட்டு யார் எப்போது போவது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வெளிநாட்டு ஊழியர் விஷயத்தில் அரசாங்கமே ஒரு வழி செய்திருக்கிறது. ஊழியர் தொடர்ச்சியாகக் குறைந்தது 7 நாள் வெளிநாட்டு விடுப்பில் சென்றால், ஆண்டுக்கு 60 நாள் வரை அவருக்கான தீர்வையிலிருந்து விலக்குக் கேட்டு முதலாளி விண்ணப்பிக்கலாம். ஊழியர் ஊரில் இருக்கும் நாள்களுக்கும் தீர்வை கட்ட வேண்டியிருக்கிறதே என்ற சாக்கு இனி எடுபடாது.

2025ஆம் ஆண்டு ஜூலை முதல், வேலை அனுமதி அட்டை ஊழியர்கள் அதிகபட்சம் இத்தனை ஆண்டுதான் இங்கு வேலை செய்யலாம் என்ற வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. இருபது, முப்பது ஆண்டு இங்கேயே உழைக்கப் போகும் ஒருவரை நாம் வரவேற்கிறோம் என்றால், அந்த முப்பது ஆண்டில் அவர் எத்தனை நாள் தம் வீட்டில் இருப்பார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

என் கருத்தில் மூன்று காரியங்கள் உடனே தேவை. முதலாவது, வேலை அனுமதி அட்டையில் வருபவருக்கு விடுப்புக் கணக்கை முதலாளியை வைத்து அல்லாமல் அவர் சிங்கப்பூரில் உழைத்த ஆண்டுகளை வைத்துக் கணக்கிட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், எளிதில் நடக்காது என்று தெரியும். ஆயினும் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. இரண்டாவது, இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்து ஒரே பயணமாக எடுக்க நிறுவனங்கள் முன்வந்து அனுமதிக்க வேண்டும். 7 நாளும் 8 நாளும் சேர்ந்தால் 15 நாள். ஒரே விமானச் சீட்டுச் செலவில் பிள்ளையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் எத்தனை வெள்ளி என்று அச்சிடுவது போல, எத்தனை நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது என்றும் அச்சிட வேண்டும். பணத்தோடு பக்கத்தில் அந்த எண்ணும் நின்றால், அதுவும் சம்பளம்தான் என்பது இரு தரப்புக்கும் தானாகவே புரிந்துவிடும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்தும் நம் பேரவைகளுக்கு, விடுப்புக் கணக்கை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுவது பெரிய வேலையா? எத்தனை மாதத்துக்கு எத்தனை நாள், மிஞ்சியதை எப்போதுவரை எடுக்கலாம், விலகும்போது எவ்வளவு பணம் வர வேண்டும், மறுத்தால் மனிதவள அமைச்சில் எப்படி முறையிடுவது என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். அதை அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலும் லெம்பு ரோட்டிலும் கொடுப்போம். தமிழை வளர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஓர் உழைப்பாளி தன் உரிமையைத் தன் தாய்மொழியில் படித்துப் புரிந்துகொள்ளும் இடத்தில் தமிழ் வளராமல் வேறு எங்கே வளரப் போகிறது?

அடுத்த ஆண்டு இந்நேரம் நம்மில் பலர் வேலையில் இருப்போம். சிலர் சில ஆண்டுகளில் பிறருக்கு விடுப்பு வழங்கும் நாற்காலியிலும் அமர்ந்திருப்போம். அப்போது நம் மேசைக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் வந்தால், அதை ஒரு வேண்டுகோளாகப் படிக்காமல், அந்த ஊழியர் முன்பே உழைத்துச் செலுத்திவிட்ட ஒரு கணக்கின் ரசீதாகப் படிப்போம்.